முழங்கை, பத்துத் தடவை

பத்து மணிக்கு எப்சிபா தன் கணவரின் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை விரலில் தொடங்க வேண்டும். மேலே மடக்கி, கீழே மடக்கி, பத்துத் தடவை. பிறகு மற்ற நான்கு விரல்களும் சேர்ந்து பத்து. பிறகு கணுக்கால், முழங்கால், இடுப்பு. அதன் பிறகு கைக்கு வந்து விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள். பக்கவாதத்தில் விழுந்தவரின் மூட்டுகளைத் தினமும் யாராவது அசைத்துக் கொடுக்காவிட்டால் அவை துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இறுகிப்போகும் என்று ஃபிசியோதெரபி பார்க்கும் பர்வீன் முதல் நாளே சொல்லி, எல்லாவற்றையும் ஓர் அட்டையில் வரிசையாக எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். செய்து முடித்ததும் கட்டத்தில் ஒரு டிக். நான்கு மாதமாக எந்தக் கட்டமும் காலியாக இல்லை, அட்டையைப் பார்க்கிறவர்கள் எப்சிபாவைப் போல ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். "முழங்கை, பத்துத் தடவை" என்ற வரியில் மட்டும் கடைசிப் பதினேழு டிக்குகள் பொய். அது எப்சிபாவுக்குத் தெரியும். கணவர் எட்வின் மாஸ்டருக்கும் தெரியும், ஆனால் அவருக்குப் பேச்சு போய்விட்டது. இன்று பதினொரு மணிக்குப் பர்வீன் அளக்க வருகிறாள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு நீளக் கம்பு முளைத்த மாதிரி ஒரு சாமான் அவள் பையில் இருக்கும். அதை மூட்டின் மேல் வைத்தால் எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நீள்கிறது என்று காட்டிவிடும். அதற்கு டிக் போட்டுக் காட்டி ஏமாற்ற முடியாது.

"ஒன்" என்றாள் எப்சிபா. "டூ" என்றார் மாஸ்டர். பேச்சுதான் போயிற்று, எண்ணிக்கை போகவில்லை. பேச்சு மூளையில் ஓரிடத்தில் குடியிருக்கிறது, எண்ணிக்கை மாதிரி வாய்ப்பழக்கம் எல்லாம் வேறு எங்கேயோ குடியிருக்கிறது, இந்தப் பக்கம் தீப்பிடித்தால் அந்தப் பக்கம் தப்பித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக மைதானத்தில் நின்று ஒன் டூ த்ரீ ஃபோர் என்று ஊரிலுள்ள பிள்ளைகளை எல்லாம் குனிய வைத்து நிமிர வைத்த வாய் அது. இப்போது தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தெரியாது, பெண்டாட்டி பேர் சொல்லத் தெரியாது, தன் பேரே வராது. அவள் ஒன் என்று எடுத்துக் கொடுத்தால் டென் வரைக்கும் தடையில்லாமல் வருகிறது. பார்க்க வந்த பாஸ்டர் அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுகிறது பாட்டு மாதிரி இருக்கிறது என்றாள். எப்சிபாவுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. எண்ணிக்கை இருந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான்.

கணுக்காலுக்குக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பாதத்தை முன்கையால் மேலே தள்ள வேண்டும். கணுக்கால் மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் கொஞ்சம் சாயும், அதற்குமேல் அதற்கு அனுமதி இல்லை. இந்தக் கணுக்காலை உந்தித்தான் ஒரு காலத்தில் இந்த மனுஷர் தரையை விட்டு இரண்டரை அடி எழும்புவார். வாலிபால் என்றால் திருச்செந்தூர் வட்டாரத்தில் எட்வின் ஸ்மாஷ் என்று தனிப் பேச்சே உண்டு, வலைக்கு மேலே தலை தெரியும், கை பின்னால் போகும், அப்புறம் பந்து எங்கே விழுந்தது என்று தூசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் எப்சிபாவையும் மேட்சுக்குக் கூட்டிப்போய் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று இப்போது சொன்னால் அது பொய். பந்தைத் தடுக்க நிற்கிற பையன்களிடம் அவர் சொல்லுவார்: பந்தைப் பார்க்காதே, கையைப் பார்க்காதே, தோளைப் பார், அடி தோளில் இருந்துதான் கிளம்பும், தோள் பின்னால் போய்விட்டால் அடுத்தது அடிதான். அந்தப் பையன்களில் எத்தனை பேர் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் கற்றுக்கொண்டாள். இருபத்தாறு வருஷமாக அவள் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, ஆலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடும்போது கூட ஓரக்கண் அங்கேதான். நைன், டென். கணுக்கால் முடிந்தது.

முழங்கால் எளிது. அது கீல் மூட்டு. மகள் கெசியா ஏழாம் வகுப்பில் படித்தபோது படம் வரைந்து வண்ணம் தீட்டினாள், பந்துக் கிண்ண மூட்டு, கீல் மூட்டு, முளை மூட்டு, வழுக்கு மூட்டு என்று. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார், கதவைத் திறந்து மூடிக் காட்டினார், கிண்ணத்தில் பந்தைப் போட்டு உருட்டிக் காட்டினார். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கீல் ஒரு பக்கம்தான் திறக்கும் பாப்பா, மறுபக்கம் திறக்க முயன்றால் ஒடிந்துபோகும் என்றார். முழங்காலை நெஞ்சுப் பக்கமாக மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டி. நல்ல கனமான கால், நான்கு மாதத்தில் சதை வற்றியும் கனம் குறையவில்லை. இந்த முழங்கால் அதிகமாக மடங்கியது மைதானத்தில் அல்ல, வீட்டு ஜெபத்தில்தான். சாயங்காலம் ஏழு மணிக்குப் பாய் விரித்து மூன்று பேரும் முழங்காலில் நிற்பார்கள், மற்ற நாட்களில் ஐந்து நிமிஷம், அவளை அடித்த நாளில் அரை மணி நேரம். ஆண்டவரே, என் கோபத்தை மன்னியும், என் கையைப் பரிசுத்தமாக்கும் என்று கண்ணீர் விட்டு, அவளுக்கும் கேட்கிற மாதிரி ஜெபிப்பார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேலதிகாரியிடம் மனுக் கொடுத்த பிறகு குமாஸ்தாவிடம் எதற்குப் பேச வேண்டும் என்கிற மாதிரி. எழுந்திருக்கும்போது முகம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருக்கும், கருவாடு வறுக்கலாமே எப்சி என்பார். அவள் போய் வறுப்பாள். எண்ணெய் தெறிக்கும்போது கன்னம் எரியும். அடித்ததனால் எரிகிறதா, அடுப்பினால் எரிகிறதா என்று அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்து தடவை. இருபத்தாறு வருஷத்தில் ஐந்தே தடவை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அட, குடிக்காத மனுஷர், பிற பெண்ணைப் பார்க்காத மனுஷர், ஐந்து தடவைதானே, அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். முதல் தடவை விசிலுக்காக. சட்டைப் பையில் இருந்த விசிலைப் பார்க்காமல் ஊறப் போட்டுவிட்டாள், உள்ளே இருக்கிற தக்கை உருண்டை உப்பிக்கொண்டு ஆண்டு விளையாட்டு விழா அன்று கலெக்டர் முன்னால் விசில் ஊதவில்லை. இரண்டாவது, வீட்டுக்கு வந்த இன்னொரு டிரில் மாஸ்டர் சொன்ன தமாஷுக்குச் சத்தமாகச் சிரித்ததற்கு. மூன்றாவது எதற்கு என்று அவருக்கே தெரியாது, அதில்தான் அவளுடைய தாடை மூட்டு இடம் பிசகிப் பிறகு தானாகவே சேர்ந்தது, இன்றைக்கும் கொய்யாப்பழம் கடித்தால் காதுக்குப் பக்கத்தில் டொக்கென்று கேட்கும். நான்காவது கெசியாவை நர்சிங் படிக்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பலாம் என்று அவரைக் கேட்காமல் தன் தம்பியிடம் முந்திக்கொண்டு சொன்னதற்கு. ஐந்தாவது மூன்று வருஷத்துக்கு முன்னால், பழைய மாணவர்களோடு ஆடிய மேட்சில் அவர் எழும்பிப் பந்தைத் தவறவிட்டு வந்த அன்று, வயசாயிட்டுல்லா என்று ஆறுதலாகச் சொன்னதற்கு. இவை அடி விழுந்த நாட்கள். விழாத நாட்களை யார் எண்ணுவது? கதவு திறக்கிற சத்தத்தில் இன்றைக்கு எப்படி என்று காது கொடுத்துக் கேட்ட நாட்கள், பேச வந்ததை மென்று விழுங்கிய நாட்கள், அதையெல்லாம் எண்ணப் பத்து விரலும் போதாது. இடுப்பு மூட்டைச் சுற்றிச் சுற்றி உருட்டினாள். கிண்ணத்துக்குள் பந்து. எல்லாப் பக்கமும் போகும். கொடுத்து வைத்த மூட்டு.

இனி கை. முதலில் மூடிக் கிடக்கும் விரல்களைத் திறக்க வேண்டும். இழுத்துத் திறந்தால் திறக்காது, மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் மடக்கிக் கொடுத்தால் விரல்கள் தானாகத் தளரும், இதுவும் பர்வீன் சொல்லிக் கொடுத்ததுதான். உள்ளங்கையில் புளித்த மாவு வாடை அடித்தது. வெந்நீர்த் துணியால் துடைத்துப் பவுடர் போட்டாள். ஒவ்வொரு விரலாக நீட்டினாள். இந்த விரல்கள் ஐந்தும் தன் கன்னத்தில் ஒருமித்து வந்து உட்கார்ந்தவை என்று நினைத்துப் பார்த்தாள், நினைப்பில் சூடு ஒன்றும் வரவில்லை, சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மூட்டுகளைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. அறை என்பது உள்ளங்கையின் வேலையே இல்லை. தோள் பின்னால் போக வேண்டும், முழங்கை திறந்துகொண்டு வர வேண்டும், மணிக்கட்டு கடைசியாக வந்து சேர வேண்டும். மூன்றில் முழங்கை திறக்காவிட்டால் அது தட்டுதான், அறை ஆகாது. அணைப்பதற்கு முழங்கை மடங்க வேண்டும், அடிப்பதற்கு நீள வேண்டும். அப்படிப் பார்த்தால் மடங்கியே போன ஒரு கை அணைக்க மட்டுமே லாயக்கு. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை. மணிக்கட்டு, பத்துத் தடவை. எயிட், நைன், டென். இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தார்கள். பிறகு எப்சிபாவின் கை, அட்டையில் அடுத்து இருந்த வரியைத் தாண்டி, நேராகத் தோளுக்குப் போயிற்று.

அவள் திட்டம் போட்டுச் செய்தது அல்ல இது. பதினேழு நாளுக்கு முன்னால் ஒரு காலையில் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கொட்டாவி விட்டார். வாய் பெரிதாகத் திறந்தது, திறக்கத் திறக்க, நான்கு மாதமாகப் பிணம் மாதிரிக் கிடந்த வலது கை தானாக மெத்தையை விட்டு எழும்பிற்று. நெஞ்சு உயரம் வரைக்கும் வந்து நின்றது. வாய் மூடியதும் விழுந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம், கையைப் பார்த்துவிட்டு அவளைத் தேடினார். அவள் அங்கே இல்லை. சுவரோடு சுவராக முதுகு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், விரிப்பை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தாள், எப்போது அங்கே போனாள் என்று தெரியவில்லை. அவளுடைய முழங்கால்கள், இடுப்பு, கழுத்து எல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்தன. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவள் முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள், வாய் பிளந்து குறட்டை விட்டுத் தூங்கினாள், மூத்திரத் துணி அலசினாலும், முதுகைப் புரட்டினாலும், கரண்டியால் சோறு ஊட்டினாலும், எடை இரண்டு கிலோ கூடியது. சந்தோஷமாக இருந்தாள். அவரைக் குளிப்பாட்டும்போது அவர் வெட்கப்பட்டு அழுவார், அதைப் பார்த்து அவளுக்குப் பரிதாபமும் வந்தது, அதுவும் நிஜம், இதுவும் நிஜம். அந்தக் கொட்டாவிக்குப் பிறகு தூக்கம் போயிற்று. அன்றைக்கு உடற்பயிற்சி செய்யும்போது முழங்கை வந்ததும் மணிக்கட்டையே இன்னும் ஒரு பத்து எண்ணிவிட்டு, அட்டையில் டிக் போட்டாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக் காட்டினார். தண்ணியா, என்று கேட்டாள். அப்படிக் கேட்டது கொஞ்சம் அநியாயம்தான். அடுத்த நாளும் காட்டினார், அதற்கடுத்த நாளும். இப்போதெல்லாம் காட்டுவதில்லை, பார்க்கிறார். பதினேழு நாளில் முழங்கை மெதுவாக மடங்கி, கை நெஞ்சின் மேல் வந்து படுத்துக்கொண்டது, தூளியில் போட்ட பிள்ளை மாதிரி. நீட்டிப் பார்த்தால் பாதியில் நிற்கிறது. நின்ற இடத்தைப் பார்க்கும்போது அவளுக்கு நிம்மதியும், குளத்தில் யாரையோ தள்ளிவிட்டு வந்தவள் மாதிரி ஒரு திகிலும் ஒரே நேரத்தில் வரும்.

கெசியா தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். அப்பா கை எப்படிம்மா இருக்கு என்றுதான் முதல் கேள்வி. அவளுக்கும் தெரியும், சுவர் மெல்லிசான வீடு, தெரியாமல் இருக்க வழியில்லை, ஆனால் தெரியும் என்று ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அப்பாவின் கை என்றால் அவளுக்குக் கிண்ணத்தில் பந்து உருட்டின கை. அது ஒன்றும் பொய்யில்லையே. மதுரையில் எப்சிபாவின் பெரியம்மா மகள் தங்கபுஷ்பம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் கிணற்றடியில் வைத்து, உதவிக்கு ஆள் வேணும் எப்சி, ஒனக்கு ஒரு ரூமும் சாப்பாடும் உண்டு, ஒரு வார்த்த சொல்லு என்றாள். எப்சிபா ஈஸ்டர் முடியட்டும் சொல்லுதேன் என்றாள். பிப்ரவரியில் மாஸ்டர் மைதானத்தில் விழுந்தார். நிற்கிற மனுஷரை விட்டுப் போனால் நாலு நாள் பேசுவார்கள், படுத்த மனுஷரை விட்டுப் போனால் ஆயுசுக்கும் பேசுவார்கள், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஊர் கிடக்கட்டும், தனக்கே மனசு கேட்காது என்பதுதான் விஷயம். ஒரு வாய் தண்ணீருக்கு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தங்கபுஷ்பத்திடம் போனில் முடியாது என்றபோது அவள் பெருமூச்சு விட்டு, சரி, ஆனா அந்த ரூம் காலியாத்தான் இருக்கு பாத்துக்கோ என்றாள். மடங்கிய கையோடு சேர்த்துத் தோளை மேலே தூக்கினாள் எப்சிபா. தோள் எங்கே வேண்டுமானாலும் போகும், மேலே, பக்கத்தில், பின்னால். பின்னால் கொண்டுபோகும்போது மட்டும் அவளுக்கு மூச்சு அடங்கிற்று. தானே இரண்டு கையாலும் பிடித்து, தானே பின்னால் தள்ளுகிற தோளைப் பார்த்துத் தானே பயப்படுவது வேடிக்கைதான், சிரிப்பு வரவில்லை. ஃபைவ், சிக்ஸ் என்றார் மாஸ்டர். வாசலில் பர்வீனின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

பர்வீன் காயல்பட்டினத்துப் பெண், இருபத்தாறு வயதிருக்கும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள். சார் முகம் தெளிஞ்சிருக்கே என்றாள், அட்டையைப் பார்த்து ஆன்ட்டியை மாதிரி யாரும் இல்லை என்றாள். காலில் இருந்து அளந்துகொண்டே வந்தாள், நோட்டில் எழுதிக்கொண்டாள், கணுக்கால் சரி, முழங்கால் ரொம்பச் சரி. மணிக்கட்டும் சரி. முழங்கைக்கு வந்ததும் சாமானை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். கையை மெதுவாக நீட்டிப் பார்த்து, அது நின்ற இடத்தில் மறுபடி வைத்தாள். பழைய பக்கத்தைப் புரட்டி, போன தடவையே பத்து டிகிரி குறைந்திருந்தது, அன்றைய களைப்பால் இருக்கும் என்று விட்டுவிட்டேன், இப்போது நாற்பது குறைகிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மாஸ்டரிடம், சார், நீங்களாக மடக்கிப் பாருங்கள், முயற்சி பண்ணுங்கள் என்று புஜத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாஸ்டரின் முகம் சிவந்தது, நெற்றி நரம்பு புடைத்தது. பர்வீனின் முகம் மாறியது. "ஆன்ட்டி, கை வருது" என்றாள். "இங்க தொட்டுப் பாருங்க, தசை எழும்புது. இந்த நோய்ல கொட்டாவி விடுறப்ப கை தானா எழும்புறது வேற, அது சும்மா. இது சார் சொல்லி வர்றது."

எப்சிபா தொட்டுப் பார்க்கவில்லை. மாஸ்டர் அழுதுகொண்டே சிரித்தார், ஒன் டூ த்ரீ என்றார், வேறு வார்த்தை இல்லாததால். பர்வீன் சந்தோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, வருகிற நேரத்தில் இப்படிச் சுருங்க விட்டால் கை மடங்கின வாக்கிலேயே நின்றுபோகும், பிறகு எத்தனை பலம் வந்தாலும் பிரயோசனம் இல்லை, சார் இடது கையால் சோறு தொடுவதில்லை, ஆயுசுக்கும் நீங்கள்தான் ஊட்ட வேண்டும் என்றாள். தினமும் செய்கிறீர்களா என்று கேட்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆயுசுக்கும் நீங்கள்தான். எப்சிபா அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். பதினேழு நாளாக அவர் கையைக் கட்டிப்போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டின கயிற்றின் மறுமுனை தன் இடுப்பில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வருஷம்? அவருக்கு ஐம்பத்தைந்து, அவர் அப்பா தொண்ணூறு வரைக்கும் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் இந்தக் கரண்டி, இந்தத் துணி, இந்தத் தோள். அதைக் கணக்குப் பார்த்தபோது பயம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. அவளுக்கு வாய் திறந்ததே தெரியவில்லை.

"முழங்கை நான் செய்யலம்மா. பதினேழு நாளா செய்யல. டிக் மட்டும் போட்டேன்."

பர்வீன் ஏன் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"அந்தக் கை வந்தா அடிக்கும். அஞ்சு தடவ அடிச்சிருக்காவ. இதுல," என்று கன்னத்தைக் காட்டினாள் எப்சிபா. காய்கறிக்காரனிடம் நேற்று வாங்கின கத்தரிக்காயில் புழு இருந்தது என்று சொல்வது மாதிரித்தான் சொன்னாள். இருபத்தாறு வருஷமாக இதைச் சொன்னால் வீடு இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள், மின்விசிறி கூட நிற்கவில்லை. கட்டிலில் இருந்து சத்தம் வந்தது, மாஸ்டர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை கிடைக்கவில்லை, மூடினார். அவர் முகம் அரை மணி நேரம் முழங்காலில் நின்று எழுந்திருக்கும்போது இருக்கிற தெளிவு இல்லாமல், வெறும் ஐம்பத்தைந்து வயது மனுஷர் முகமாக இருந்தது. எப்சிபா அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள், இனி சொல்வது அவருக்கும் சேர்த்துத்தான்.

"ஏங்க, கேட்டுக்கிடுங்க. இன்னையில இருந்து நான் ஒழுங்கா செய்யுதேன், காலையிலயும் செய்யுதேன், சாயங்காலமும் செய்யுதேன். ஒங்க கை முழுசா நீளணும். தட்டுல இருந்து சோறு எடுத்து நீங்களே திங்கணும், ஊன்றுகோல் பிடிச்சு நீங்களே நடக்கணும். அன்னைக்கு நான் மதுரைக்குப் போயிருவேன். தங்கபுஷ்பம் ரூம் வச்சிருக்கா. திரும்பி வர மாட்டேன்."

பர்வீன் நோட்டை மூடினாள். வயதுக்கு மீறி எதுவும் சொல்லாமல் இருக்கத் தெரிந்த பெண். மாஸ்டரின் வலது கையைத் தூக்கி எப்சிபாவின் கையில் வைத்து, நீங்களே செய்யுங்கள் ஆன்ட்டி, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாள். எப்சிபா ஒரு கையால் முழங்கைக்கு மேலே பிடித்தாள், மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். பதினேழு நாளுக்குப் பிறகு அந்த இடத்தின் சூடு அவளுக்கு அந்நியமாக இருந்தது. மெதுவாகத் திறந்தாள். கொஞ்சம் திறந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு நின்றது. பாவி, இத்தனை இறுகிப்போக விட்டேனே என்று நினைத்தாள். ஆனால் இது சற்று முன் பர்வீன் அளந்தபோது நின்ற இடம் இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. பர்வீன் குனிந்து புஜத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"ஆன்ட்டி, இது இறுக்கம் இல்ல" என்றாள். "சார் பிடிச்சிக்கிட்டிருக்காங்க."

எப்சிபா அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தோளைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். நெற்றி நரம்பு மறுபடி புடைத்திருந்தது. நான்கு மாதமாக எந்தக் கை வரவேண்டும் என்று அவர் கண்ணீர் விட்டாரோ அந்தக் கை வந்திருந்தது. வந்த பலம் முழுவதையும் திரட்டி, திறக்க விடாமல் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். கண் அவளை விட்டு நகரவில்லை. விடுங்கள் சார் என்று பர்வீன் சொன்னாள், அவர் விடவில்லை. என்ன செய்யணும் என்று எப்சிபா கேட்டாள். இழுக்கக்கூடாது, விட்டுவிடவும் கூடாது, இப்படியே ஒரே சீராகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், எப்பேர்ப்பட்ட தசையும் ஒரு நேரம் அசந்துபோய்த் தானாக விட்டுக் கொடுக்கும் என்றாள் பர்வீன். எப்சிபா இழுக்கவில்லை. விடவும் இல்லை. காலால் ஸ்டூலை அருகில் நகர்த்தி அதில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.